தடாகத்தின் கரைக்கு எந்தக் கல்?

நீராடுதல் என்றவுடன் யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலைக் கேணியே நினைவுக்கு வரும். கடலின் அருகே நன்னீர் ஊறும் அக்கேணியில் நீந்தப் பழகியவர் நம்மிற் பலர். இன்றோ வசதியுடையோர் தம் வளவிலேயே நீச்சல் தடாகம் அமைக்கின்றனர். அதன் நீளம், ஆழம், நீரைத் தூய்மையாக்கும் இயந்திரம் ஆகியவற்றை மாதக்கணக்கில் ஆராயும் அவர்கள், விளிம்பிற் பதிக்கும் கல்லை மட்டும் கடைசி நாளில், கடையிலே மாதிரியைக் கண்ணாற் பார்த்த அளவிலேயே தெரிந்தெடுத்து விடுகின்றனர். அது தவறென்பதை நாம் நேரிற் கண்டோம்.

கொழும்பின் புறத்தே வீடு கட்டிய எமது நண்பர் ஒருவர், கண்ணாடிபோல் மெருகிட்ட கருங்கல்லைத் தடாகத்தின் விளிம்பாக இட்டார். நீர் நிரப்பிய முதல் வாரத்திலேயே அவருடைய ஏழு வயது மகள் கரையேறும்போது வழுக்கி விழுந்தாள். நாடியில் நான்கு தையல்! “மாஸ்டர், கல்லு வடிவாயிருந்தது, அதை நம்பிப் போட்டேன்” என்று அவர் வருந்தியது இன்னும் எம் செவியில் ஒலிக்கின்றது.

விளிம்பு வெறும் அலங்காரமன்று. அதற்கு மூன்று கடமைகள் உள. சுவரின் தலையை மூடி, அதன் பின்புறம் நீர் கசியாது காத்தல் ஒன்று. களைத்து வரும் நீச்சற்காரனுக்குக் கைப்பிடியாய் நிற்றல் மற்றொன்று. ஈரக்காலுடன் ஏறுவோருக்கு வழுக்காத மிதிதளமாதல் மூன்றாவது. இம்மூன்றையும் செய்யாத கல் எத்துணை அழகியதாயினும் தடாகத்துக்கு உதவாது.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. அதன் செங்கற்களை நெருக்கமாக அடுக்கிச் சாந்தால் இணைத்ததோடு, நீர் கசியாதிருக்க நிலக்கீலும் பூசினர். நமது நாட்டிலே அநுராதபுரத்தில், அபயகிரி விகாரைத் துறவிகள் நீராடுவதற்கென அமைந்த குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகங்களைக் காணலாம். கருங்கற் பலகைகளைச் செதுக்கிப் பொருத்திய அவற்றின் கரைகளும் படிகளும் பல நூற்றாண்டுகளின் பின்னரும் நம்மை வியக்க வைக்கின்றன.

இனி, இக்காலத்திற் கிடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

கருங்கல் உறுதியானது, நீரை மிகச் சிறிதே உறிஞ்சும். ஆயின் மெருகிட்டால் ஈரத்தில் வழுக்கும். உளியாற் கொத்தியோ, தீச்சுடரால் வாட்டியோ சொரசொரப்பாக்கியதே ஏற்றது. கருநிறக் கல் வெயிலில் மிகவும் சுடும்; வெளிர்நிறமே நன்று. பளபளப்பான தரையோடும் மெருகிட்ட சலவைக்கல்லும் கருங்கல்லைப் போலவே ஈரத்தில் வழுக்குவன. அவற்றை வீட்டின் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணக்கல் காலுக்குக் குளிர்ச்சியானது. எனினும் அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று என்பதை மாணவர் அறிவர். தடாக நீரின் பி.எச். பெறுமானத்தை 7.2 முதல் 7.8 வரை நிறுத்துவதற்காகச் சிலவேளை ஐதரோக்குளோரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. அவ்வமிலம் நேரே பட்டால் சுண்ணக்கல் அரிபடும். உப்பிலிருந்து குளோரீன் ஆக்கும் தடாகங்களில் இன்னுமொரு தீங்குண்டு. உப்புநீர் கல்லின் நுண்துளைகளிற் புகுந்து காய, உள்ளே விளையும் உப்புப் பளிங்குகள் கல்லைச் செதில் செதிலாக உதிர்க்கும்.

செங்கல் நன்றாக வெந்ததாயின் கால் வழுக்காது. அரைவேக்காட்டுக் கல்லோ நீரை உறிஞ்சிப் பாசி பிடிக்கும். மரப்பலகை பார்வைக்கு இனியது. ஆயின் நமது மழையும் கறையானும் அதற்குப் பகை.

செலவைச் சுருக்க விரும்புவோருக்கு அச்சில் வார்த்த கொங்கிறீற்றுத் துண்டுகள் தகுந்தவை. மேற்பரப்பு இறுகுமுன் தும்புத்தடியால் மெல்ல இழுத்துவிட்டால் காலுக்குப் பிடிப்பு உண்டாகும். நீர்ப்பக்கத்து ஓரத்தை உருட்டி வார்த்தால் கைக்கும் தலைக்கும் ஊறு குறையும். வார்த்த பின் ஒரு வாரமாவது ஈரங்காயாது வைத்தல் வேண்டும்.

எந்தப் பொருளைத் தெரிந்தாலும், பதிக்கும் முறையில் இரண்டு விதிகளை மறத்தலாகாது. தடாகத்தின் சுவரும் வெளித்தளமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவனவல்ல. ஆதலால் விளிம்புக்கும் தளத்துக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்தல் வேண்டும்; அங்கே சீமெந்தை இட்டால் விளிம்பு வெடிக்கும். மேலும், வெளித்தளம் தடாகத்தை நோக்கிச் சரியாது, அதற்கு எதிர்ப்புறமாக அடிக்குக் கால் அங்குலம் சரிதல் வேண்டும். இல்லையேல் மழை வெள்ளம் மண்ணையும் குப்பையையும் நீருக்குள் இழுத்து வரும்.

கல்லைத் தெரியும் முறையோ மிக எளிது. மாதிரித் துண்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுப்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள், சுட்டால் விலக்குங்கள். பின் நீரூற்றி, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஈரக்காலை அதன்மேற் தேய்த்துப் பாருங்கள், வழுக்கினால் விலக்குங்கள். ஓரத்தை விரல்களாற் பற்றிப் பாருங்கள், உறுத்தினால் விலக்குங்கள். இம்மூன்றிலும் தேறிய பின்னரே நிறத்தையும் விலையையும் பேசலாம்.

எமது நண்பர் அந்தக் கருங்கல்லைப் பெயர்த்தெடுத்து, சொரசொரப்பான வெளிர்நிறக் கல்லைப் பதித்தார். செலவு இருமடங்காயிற்று. புதிய கல்லின்மேல் முதலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர் அவரே. அதன் பின்பே மகளை அழைத்தார். இப்பொழுது அவள் நீந்தும் வேளையெல்லாம் அவர் கரையிலேயே அமர்ந்திருக்கின்றார். எத்துணை நல்ல கல்லும் பெற்றோரின் கண்காணிப்புக்கு ஈடாகாது அன்றோ!