என்.பி.ஏ.வில் ஆடாத நான்கு முறை சாம்பியன்

ஐரோப்பிய கிளப் கூடைப்பந்தின் உச்சக் கோப்பை யூரோலீக். அதை நான்கு முறை வென்றவர் கைல் ஹைன்ஸ். அந்தத் தொடரின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் 2016, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அவருக்கே கிடைத்தது. இத்தாலி, ஜெர்மனி, கிரேக்கம், ரஷ்யா, மீண்டும் இத்தாலி என்று 16 சீசன்கள் ஆடி 2024இல் ஓய்வுபெற்றார். நியூ ஜெர்சியைச் சேர்ந்த இந்த அமெரிக்கர், தன் நாட்டின் என்.பி.ஏ. லீகில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

வெளிநாட்டுக்குப் போய் ஆடும் அமெரிக்க வீரர் என்றாலே, உள்ளூரில் இடம் கிடைக்காமல் ஆறுதலுக்குப் போனவர் என்று நினைத்துவிடுகிறோம். ஹைன்ஸுக்கும் உள்ளூரில் இடம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பா அவருக்குக் கொடுத்தது ஆறுதல் பரிசல்ல. அவருடைய ஆட்டத்தின் மதிப்பைச் சரியாக அறிந்த களம் அது.

என்.பி.ஏ. கதவு திறக்காததற்கு முக்கியக் காரணம் உயரம். ஹைன்ஸ் ஆடியது கூடைக்கு அருகில் நிற்கும் சென்டர் இடத்தில். அங்கே ஏழடி ஆட்களைத்தான் அப்போது தேடினார்கள். இவரோ 6 அடி 6 அங்குலம். கல்லூரியில் அவர் செய்த சாதனை சாதாரணமானதல்ல. நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ அணிக்கு ஆடி 2000 புள்ளிகள், 1000 ரீபவுண்டுகள், 300 பிளாக்குகள் என்ற எல்லையைத் தாண்டினார். என்.பி.ஏ. ஜாம்பவான்களான டேவிட் ராபின்சன், டிம் டங்கன் போன்ற வெகு சிலரே இருக்கும் பட்டியல் அது. ஆனாலும் 2008 என்.பி.ஏ. டிராஃப்டில் 30 அணிகள் இரண்டு சுற்றுகளில் தேர்ந்தெடுத்த 60 பெயர்களில் அவர் பெயர் இல்லை.

அந்த ஆண்டே இத்தாலிக்கு விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்தது ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் இருக்கும் வெரோலி என்ற சிற்றூருக்கு. அணி ஆடியது இரண்டாம் டிவிஷனில்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் அங்கிருந்து மேலே வந்ததன் அருமை புரியும். பல நாடுகளின் லீகுகளில் ஓர் அணி எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்தச் சில இடங்களில் ஒன்றைப் பிடித்த அமெரிக்கர் வந்த வாரத்திலிருந்தே ஆட்டத்தை வென்று தர வேண்டும். இல்லையென்றால் சீசன் நடுவிலேயே மாற்று ஆள் வந்துவிடுவார். பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான். சம்பளத்தை வரி போக எவ்வளவு என்றே பேசுவது வழக்கம். வீடும் காரும் கிளப் பொறுப்பு. பேசிய பணம் நேரத்துக்கு வராமல் போவது இந்த உலகின் பழைய நோய். அப்படிப்பட்ட வழக்குகளை விசாரிப்பதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2007இல் தனி நடுவர் மன்றத்தை ஏற்படுத்த வேண்டியிருந்தது. யூரோலீக் வீரர்கள் 2018இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் ஹைன்ஸும் ஒருவர். வெரோலியில் தொடங்கிய ஒருவருக்கு இரண்டாம் டிவிஷன் வீரனின் கவலையும் தெரிந்திருக்கும். அதனால் அவர் அந்தச் சங்கத்தில் இருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெரோலியில் இரண்டு சீசன்களுக்குப் பின் ஜெர்மனியின் பாம்பெர்க் அணி. 2011இல் லீக் பட்டம், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது. அடுத்து கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ்.

அந்நாடு கடன் நெருக்கடியில் தத்தளித்த நேரம் அது. கிளப்பும் செலவைக் கடுமையாக வெட்டியிருந்தது. அந்த அணிதான் 2012 யூரோலீக் இறுதிக்கு, இஸ்தான்புல் வரை வந்தது. எதிரே பணபலம் மிக்க சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ. ஒரு கட்டத்தில் ஒலிம்பியாகோஸ் 19 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அதன்பின் தடுப்பாட்டம் இறுகியது, இடைவெளி கரைந்தது. கடைசி நொடிகளில் 61-60 என முன்னிலையில் இருந்த மாஸ்கோ அணியின் சிஷ்காவுஸ்காஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் தவறவிட்டார். ஒலிம்பியாகோஸின் ஸ்பனூலிஸ் பந்தோடு ஓடிவந்து கூட்டாளி பிரின்டெஸிஸுக்குக் கொடுக்க, அவர் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் ஒரு நொடிகூட மிச்சமில்லை. 62-61. மறு ஆண்டு லண்டனில் ரியல் மாட்ரிட்டை 100-88 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்கள்.

அப்படி என்னதான் செய்தார் ஹைன்ஸ்? என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் காக்காமல் கூடைக்கடியில் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஐரோப்பாவில் அந்த விதி இல்லை. உள்ளே எப்போதும் நெரிசல். தனியாளாகப் பந்தைத் தட்டிக்கொண்டு புகுவது கடினம். அதனால் ஆட்டமே பிக் அண்ட் ரோலைச் சுற்றி நடக்கும். பந்து வைத்திருக்கும் கார்டுக்காக அவருடைய உயரமான கூட்டாளி வந்து, தடுப்பவரின் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் போடுவார். தடுப்பவர் அதில் முட்டிக்கொண்டு பின்தங்கும் அந்த அரை நொடியில், வேகமான கார்டின் முன்னால் எதிரணியின் மெதுவான ஏழடி சென்டர் மாட்டிக்கொள்வார். பந்து கூடையில் விழுந்த மாதிரிதான்.

ஹைன்ஸ் நின்றால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். இடுப்பைத் தாழ்த்தி, கைகளை விரித்து, பக்கவாட்டில் சறுக்கியபடி கார்டின் நெஞ்சுக்கு நேராகவே வருவார். கார்டு நின்றால் நிற்பார். திசை மாறினால் மாறுவார். சரி, பந்தை உள்ளே கொடுக்கலாம் என்றால், தன்னைவிட அரையடி உயர்ந்தவரையும் தோளால் முட்டி நிறுத்தும் பலம் அவருக்கு உண்டு. எந்தக் குட்டை உருவத்தைக் குறை என்று ஒதுக்கினார்களோ, அதுதான் இங்கே அவருடைய மூலதனம்.

2013இல், தான் தோற்கடித்த சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுக்கே போனார். ஏழு சீசன்கள் அங்கே. 2016இல் பெர்லினில் ஃபெனர்பாச்சேயைக் கூடுதல் நேரத்தில் 101-96 என்றும், 2019இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91-83 என்றும் வென்று மேலும் இரண்டு கோப்பைகள்.

இதற்கிடையில் அமெரிக்காவில் காற்று திசை மாறியிருந்தது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015 இறுதிச் சுற்றில் ஹைன்ஸ் உயரமே இருக்கும் டிரேமண்ட் கிரீனை சென்டராக நிறுத்திப் பட்டம் வென்றது. யாரையும் மாறிமாறித் தடுக்கக்கூடிய சிறிய சென்டருக்கு அங்கே திடீரென்று மவுசு வந்தது. பாம்பெர்க்கில் ஹைன்ஸ் கிளம்பிய பின் வந்த அமெரிக்கர் பி.ஜே. டக்கர், ஓராண்டு அங்கே ஆடி 2012இல் என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார், 2021இல் மில்வாக்கியோடு சாம்பியன் ஆனார்.

ஹைன்ஸோ 2020இல் மிலானுக்குப் போனார். அடுத்த ஆண்டே அந்த அணி, 1992க்குப் பிறகு முதன்முறையாக, ஐரோப்பாவின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. மூன்றாவது தடுப்பாட்ட விருதை வாங்கியபோது அவருக்கு வயது 35. 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று இத்தாலியப் பட்டங்களை மிலான் வென்றது. அந்த மூன்றாவது பட்டத்தோடு அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.