விஷமுறிவு ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால்?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்தாலும் பாம்பு பொய்ப்பதில்லை. கரிசல் வெடிப்பிலும், கண்மாய்க் கரையிலும், கரிமூட்டத்துக்கு வெட்டிப்போட்ட சீமைக் கருவேல விறகிலும் அது பதுங்கியிருக்கும்.

கடிபட்டவருக்குக் கைகண்ட மருந்து விஷமுறிவு ஊசிதான். ஆனால் அந்த ஊசியைக் கண்டே அஞ்சுவோரும் உண்டு. போட்டதும் உடம்பு உதறும், மூச்சு முட்டும் என்பார்கள். அது வெறும் கட்டுக்கதை அல்ல.

காரணம், மருந்து பிறக்கும் விதத்தில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். (இந்த விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது, வடநெம்மேலியில் 1978-ம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.) குதிரை சாவதில்லை, விஷத்தை எதிர்க்கும் சக்தி அதன் ரத்தத்தில் ஊறுகிறது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்ததுதான் மருந்து. ஆகவே குப்பிக்குக் குப்பி குதிரையின் புரதம் இருக்கிறது. மனித உடம்புக்கு அது அந்நியம். 10 குப்பி வரை ஏறும்போது சிலருக்குத் தடிப்பும் நடுக்கமும் வரும். சிலருக்கு ரத்த அழுத்தமே விழுந்துவிடும். குழந்தைக்கும் அதே அளவுதான். ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லையே!

முன்பெல்லாம் தோலில் துளி மருந்து குத்திப் பார்ப்பார்கள். வரப்போகும் ஆபத்தை அது காட்டிக்கொடுப்பதில்லை என்று தெரிந்து கைவிடப்பட்டது.

பிறகு வழி என்ன? இலங்கையில் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மூன்று ஆஸ்பத்திரிகள், கடிபட்டவர்கள் 1,007 பேர், மருந்து இந்தியாவில் தயாரானது. அதைச் செலுத்துமுன் சிலருக்குச் சிறிதளவு அட்ரினலின், சிலருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன், சிலருக்குப் புரோமெதசின், சிலருக்கு இவை சேர்த்து, சிலருக்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. தெரிந்தால், மனம் விரும்பியதைத்தானே கண் காணும்!

2011-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. 752 பேருக்கு ஏதேனும் ஒரு கோளாறு வந்திருந்தது. அவற்றில் 89 சதவீதம் ஒரு மணி நேரத்துக்குள். அட்ரினலினால், அந்த முதல் மணி நேரத்தில் கடுமையான கோளாறு 43 சதவீதம் குறைந்தது. வெகுகாலம் நம்பிப் போட்டுவந்த மற்ற இரண்டும் பயன்படவில்லை.

ஆக, அந்த முதல் மணி நேரம் முழுவதும் நோயாளியின் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். அட்ரினலின் தயாராக இருக்கவேண்டும். கோளாறு கண்டால் மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, தணிந்ததும் மறுபடி மெதுவாக ஏற்றுவார்கள். பயந்து ஊசியே போடாமல் மதுரைக்கு அனுப்பினால், வழியில் விஷம் சும்மா இருக்குமா? கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

மருந்தினால் வரும் கோளாறுகளைத் திரட்ட 2010-ம் ஆண்டு முதல் மத்திய அரசின் ஏற்பாடு ஒன்று நடந்துவருகிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியும் தெரிவிக்கலாம்.

இன்னொன்று: ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். அதுவும் குதிரைப் புரதத்தின் வேலைதான். அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். வேறு ஏதோ காய்ச்சல் என்று நினைப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் டாக்டருக்கு விளங்கிவிடும்.