வளைந்த சைக்கிள் வீல் நிமிருமா? ‘கோட்டம்’ எடுப்பதன் கணக்கு என்ன?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைத் தென்மாவட்டக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை மீறியதில் நெல்லை சந்திப்பு தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஊர்கள் வெள்ளத்தில் நின்றன.

தண்ணீர் வடிந்த பிறகு காருக்கும் பைக்குக்கும் இன்சூரன்ஸ், சர்வீஸ் சென்டர் என்று ஏதோ ஒரு வழி இருந்தது. வீட்டு வாசலில் சேற்றோடு நிற்கும் சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. கழுவி, செயினில் எண்ணெய் விட்டு, ஓட்டிப் போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் வெள்ளம் செய்யும் சேதம் செயினில் முடிவதில்லை. அது வீலுக்குள் ஒளிந்திருக்கும். மாதங்கள் கழித்து ‘டிங்’ என்று ஒரு கம்பி அறும்போதுதான் வெளியே தெரியும்.

பிளஸ் 1-ல் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வீல்தான் பஸ். அதை நிமிர்த்த முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கம்பி தாங்குவதில்லை, இழுக்கிறது

மாட்டு வண்டிச் சக்கரத்தில் கீழே இருக்கும் ஆரக்கால், தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்கும். சைக்கிளில் இருப்பதோ சுமார் 2 மி.மீ. தடிமன் உள்ள கம்பி. அதைத் தரையில் நிறுத்தி மேலே அழுத்தினால் வளைந்துவிடும். அப்புறம் எப்படி ஓர் ஆளையும், பின்னால் ஒரு வாழைத்தாரையும் சுமக்கிறது?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொண்டால் புரியும். எல்லாக் கம்பிகளும் ரிம்மை ஹப்பை நோக்கி முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. பாரம் ஏறும்போது தரையை ஒட்டியுள்ள கம்பிகளின் விறைப்பு கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். இந்த யோசனையை 1808-லேயே இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி குறித்து வைத்தார். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துக் கட்டும் இன்றைய முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை பெற்றார்.

நம்மூர் பழைய கறுப்பு சைக்கிளில் முன்வீலுக்கு 32 கம்பி, பின்வீலுக்கு 40. ஆள் எடை, கேரியர் சுமை, பெடல் மிதிக்கும் விசை எல்லாம் பின்னால்தான் அதிகம் என்பதே காரணம்.

ஆடுவது ரிம்மா, அச்சா?

சைக்கிள் கடை வாசலில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“அண்ணாச்சி, வீல் ஆடுது.”

“எங்கல விட்ட?”

“பள்ளத்துல எறங்கிட்டு அண்ணாச்சி.”

உடனே மெக்கானிக் ஸ்போக்ஸ் சாவியை எடுப்பதில்லை. முதலில் ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பார்ப்பார். ‘லொட லொட’ என்றால் அச்சில் உள்ள கோன் தளர்ந்திருக்கிறது. அதை முறுக்கினாலே பாதி ஆட்டம் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் கம்பியைத் திருகினால் நேரான ரிம்மும் கோணலாகிவிடும்.

அடுத்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வீலைச் சுழற்ற வேண்டும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அளவுகோல். ரிம் பக்கவாட்டில் போய் வந்தால் அது கோட்டம். கோட்டம் என்றால் வளைவு. பழைய தமிழ்ச் சொல் சைக்கிள் கடையில் இன்னும் புழங்குகிறது. மேலும் கீழுமாக எகிறினால் வட்டமே கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ‘தொத்’ என்று ஒலிப்பது தளர்ந்த கம்பி.

கால் சுற்று போதும்

வலப்பக்கத்துக் கம்பி ரிம்மை வலப்பக்கம் இழுக்கும். இடப்பக்கத்துக் கம்பி இடப்பக்கம். ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால், அந்த இடத்தில் வலக் கம்பியை முறுக்கி, இடக் கம்பியைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. சுழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே கம்பியை முழுச் சுற்று முறுக்கினால் இன்னோர் இடத்தில் புதுக் கோட்டம் விழும்.

பலர் தடுமாறுவது திசையில்தான். டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் நிப்பிளைக் கடிகாரத் திசையில் திருப்பினால் இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே திருப்பம் எதிர்த்திசையாகத் தெரியும்.

முறுக்கினால் அறுந்துவிடுமோ என்று பயந்து தளர்வாக விடுவதும் தப்பு. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, விறைத்து, மறுபடி தொய்கிறது. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவது போலத்தான் இதுவும். அதனால்தான் அறுந்த கம்பிகளில் பெரும்பாலானவை ஹப்பை ஒட்டிய வளைவிலேயே அறுந்திருக்கும். ஒன்று போனால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகள் மேல் விழும். ‘ஒண்ணுதானே’ என்று விட்டால் அடுத்தடுத்து போகும்.

எப்போது புதிதாகக் கட்ட வேண்டும்?

ரிம்மில் விரிசல், நிப்பிள் துளையைச் சுற்றித் துரு அரிப்பு, பிரேக் பிடிக்கும் இடத்தில் ஆழமான நசுங்கல் இருந்தால் கோட்டம் எடுத்துப் பயனில்லை. ரிம் மாற்றத்தான் வேண்டும். இரும்பு ரிம்மைக் காலால் மிதித்து ஓரளவு நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். அலுமினிய அலாய் ரிம்மில் அந்த வித்தை ஆபத்து, விரிசல் விடும்.

ஹப் நன்றாக இருந்தால் அதையே வைத்து வீலைக் கட்டலாம். 40 கம்பி வீலில் ஹப்பின் ஒவ்வொரு பக்கமும் 20 கம்பி. அதில் 10 முன்னோக்கியும் 10 பின்னோக்கியும் சாயும். மௌத் துளைக்கு மேலே கம்பிகள் விலகி நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் காற்றுப் பம்பு உள்ளே போகாது. பின்வீலில் இன்னொரு கணக்கும் உண்டு. பிரீவீல் வலப்பக்கம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வலக் கம்பிகள் கூடுதல் விறைப்பாக இருக்கும். ஹப்பின் நடுவுக்கு அல்ல, அச்சின் இரு முனைகளுக்கு நடுவே ரிம் நிற்க வேண்டும்.

கட்டி முடித்ததும் இணை கம்பிகளைக் கையால் சேர்த்து அழுத்தி விட்டு, மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை அரத்தால் ராவவில்லை என்றால் டியூப்பில் பஞ்சர் நிச்சயம்.

தண்ணீரில் நின்ற சைக்கிளா?

ஹப்பைக் கழற்றாமல் ஓட்டக் கூடாது. உள்ளே உள்ள கிரீஸில் ஆற்று வண்டல் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி பால்ஸையும் கோனையும் தேய்க்கும். டீசலில் கழுவி, புள்ளி விழுந்த பால்ஸை மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். நிப்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஊறவிட்டால்தான் பின்னாளில் திருப்ப முடியும். துருவில் இறுகிய நிப்பிளைப் பலம் கொண்டு திருப்பினால் கம்பியே முறுக்கி ஒடியும்.

விலை உயர்ந்த கியர் சைக்கிளை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்துபவர்களுக்கும் இதே விதிதான். அங்கேயும் வீலை நிறுத்தி வைப்பது கம்பியின் விறைப்புதான். மாதம் ஒருமுறை வீலைச் சுழற்றி, கம்பிகளைச் சுண்டிப் பார்க்க 5 நிமிடம் ஆகும். ஒரு கம்பி மட்டும் ‘தொத்’ என்று ஒலித்தால், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அப்போது கால் சுற்றில் முடிகிற வேலை, தள்ளிப்போட்டால் ரிம் மாற்றுவதில் வந்து நிற்கும்.