பாவா ஆதம் மலைக்கு எத்தனை பெயர்? ஆய்வுத் தரவுத்தளங்களில் எம்மைத் தேடுதல்

பல்கலைக்கழக நூலகங்கள் அவ்வப்போது புதிய இணையத் தரவுத்தளங்களைப் பரீட்சார்த்தமாகத் திறந்துவிடுகின்றன. தரவுத்தளம் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான ஆய்வுச் சஞ்சிகைகளையும் நூல்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, நாம் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் வரும் கட்டுரைகளை எடுத்துத் தரும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் வருடச் சந்தா பெருந்தொகை. அதனால் வெளியீட்டு நிறுவனங்கள், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரும்பாலும் ஒரு மாதமளவில் இலவசமாக விடும். அந்த நாட்களில் எத்தனை பேர் தேடினார்கள், எத்தனை கட்டுரைகளை இறக்கினார்கள் என்ற கணக்கு நூலகரிடம் போகும். வாங்குவதா விடுவதா என்று தீர்மானிக்கும்போது அந்தக் கணக்கும் மேசையில் இருக்கும். மருத்துவமும் பொறியியலும் படிப்பவர்கள் தேடி, தமிழும் இஸ்லாமிய நாகரிகமும் படிப்பவர்கள் தேடாமல் விட்டா, எந்தத் துறைக்குப் பணம் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடந்த விடுமுறையில் அப்படியொரு பரீட்சார்த்த காலம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. சில நாட்கள் உட்கார்ந்து தேடிப் பார்க்க வாய்த்தது. வீட்டிலிருந்து ஏன் பார்க்க முடியாது என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். பல்கலைக்கழக வலையமைப்புக்கு ஓர் இணைய முகவரி எண் உண்டு. அந்த எண்ணிலிருந்து வரும் கணனிக்கு மட்டும் தரவுத்தளம் கதவைத் திறக்கும். மற்றபடி அங்கே படிப்பவர், படிப்பிப்பவரின் கடவுச்சொல் வேண்டும். நல்லதண்ணியில் இருந்து போனில் தட்டிப் பார்த்தா தலைப்பும் சுருக்கமும் தெரியும். உள்ளே போக விடாது.

ஒரு மலை, பல வாசல்

முதலில் எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் மலையையே தேடினேன். 2243 மீற்றர் உயரமான அந்த ஒரே மலைக்கு எத்தனை பெயர்! நாம் பாவா ஆதம் மலை என்கிறோம். தோட்டத்து இந்து மக்களுக்கு அது சிவனொளிபாதமலை. சிங்களத்தில் ஸ்ரீபாத, சமனல கந்த. ஆங்கிலத்தில் ஆடம்ஸ் பீக். பழைய அரபுப் புவியியலாளர்கள் ரஹூன் என்றார்கள்; தீவை சரந்தீப் என்றார்கள்.

தரவுத்தளத்துக்கு இவையெல்லாம் ஒரே மலை என்று தெரியாது. ஸ்ரீபாத என்று கேட்டால் பௌத்த யாத்திரை பற்றிய மானிடவியல் கட்டுரைகள் முன்னுக்கு வருகின்றன. ஆடம்ஸ் பீக் என்றால் வெள்ளைக்காரர் காலத்துப் பயணிகளும், காட்டு மரங்களையும் பறவைகளையும் ஆராய்ந்தவர்களும் வருகிறார்கள். சரந்தீப் என்று கேட்டபோதுதான் எமக்குரிய வாசல் திறந்தது. 1344 இல் இம்மலையில் ஏறிய இப்னு பதூதா, மலைக்குப் போகும் பாதைகள் இரண்டு என்றும், அவற்றை பாபா பாதை, மாமா பாதை என்று ஆதம் நபிக்கும் ஹவ்வா அம்மையாருக்கும் பொருத்தி அழைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவரைப் பற்றிய ஆய்வுகள் இந்தச் சொல்லின் கீழ்தான் கிடக்கின்றன. ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து இங்கு நாடுகடத்திய அரச குடும்பத்தவர், அவர்கள் வழிவந்த இலங்கை மலாயர் பற்றிய ஆய்வுகளும் அதே வாசலில் வருகின்றன. ஒரு பெயரோடு திரும்பியிருந்தால் மலையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

ஆகவே கணனிக்கு முன்னால் குந்துமுன் ஒரு தாளில் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் முதல் பாடம்.

லெப்பையா, லெவ்வையா?

இரண்டாவது சிக்கல் எழுத்துக்கூட்டல். கண்டியிலிருந்து 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கியவரும், 1885 இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டவருமான சித்தி லெப்பையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவர் பெயர் லெப்பே, லெப்பை, லெவ்வை என்று பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றைத் தட்டினால் மற்றது வாறதில்ல.

இதற்கு மேலால் மேல்நாட்டு நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறை ஒன்றும் இருக்கிறது. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ரோமன் எழுத்து என்பது அவர்கள் விதி. அதில் சகரத்துக்கு ஆங்கில ‘சீ’ எழுத்து. பகரம் எப்படி ஒலித்தாலும் ‘பீ’ அல்ல, ‘பி’தான், அதாவது பென்சிலின் முதலெழுத்து. எனவே அசன்பேயைத் தேடுபவர், ‘எஸ்’ எழுத்தும் பந்தின் ஆங்கில முதலெழுத்தும் போட்டுத் தேடினால் அந்தப் பட்டியலில் கிடைக்காமல் போகலாம். நேசனும் ‘சீ’ எழுத்தோடுதான் இருப்பார். புத்தகம் அங்கே இருக்கும். நாம் இல்லை என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதப்படும் ‘இல்லை’கள் பிறகு மேற்கோளாகிவிடுவது இன்னும் பெரிய கஷ்டம்.

சில நூல்கள் மொழிபெயர்ப்புப் பெயரில் ஒளிந்திருக்கின்றன. 1572 இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிர மசலாவை எமது மாணவர்கள் அறிவார்கள். அதே கதை அரபியிலிருந்து ஜாவா, மலாய் மொழிகளுக்கும் போயிருக்கிறது. மூன்று மொழிகளையும் சேர்த்து ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் 2011 இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆய்வுகள் ‘ஆயிரம் கேள்விகளின் புத்தகம்’ என்பதன் ஆங்கில வடிவத்தின் கீழ் பதியப்பட்டுள்ளன. மசலா என்று தேடினால் சமையலறைக்குப் போய்ச் சேரவும் கூடும்.

இதற்குக் கைமருந்து உண்டு. அநேகமான தரவுத்தளங்களில் சொல்லின் அடியை மட்டும் எழுதி முடிவில் நட்சத்திரக் குறி போட்டால் மிச்சம் எப்படி முடிந்தாலும் எடுத்துத் தரும். இரண்டு மூன்று சொல் சேர்ந்த பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டால் அந்தத் தொடரை மட்டும் தேடும். ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடையில் போட்டு எல்லாப் பெயர்களையும் ஒரே தடவையில் கேட்கலாம். ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டால் அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துப் பின்னால் போக வேண்டும். அதிலிருந்துதான் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

பழைய பெட்டிகள்

மூன்றாவது, அரசாங்கம் எம்மை எந்தப் பெட்டிக்குள் போட்டது என்பதை அறிந்திருப்பது. பழைய ஆவணங்களில் முஸ்லிம் என்ற சொல் குறைவு. முஹம்மதியர், சோனகர் என்றே வரும். 1911 குடிசன மதிப்பில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த வியாபாரிகளைக் கரையோரச் சோனகர் என்றும் எழுதினார்கள். 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் பற்றிப் படிக்க இந்தக் கடைசிப் பெயர் தெரியாமல் முடியாது. கம்பளைப் பெரஹெரா வழக்கைப் பேசும் கட்டுரைகளிலும் அதுவே வருகிறது.

மலையக முஸ்லிம்களுக்கு இதில் இரட்டைக் கஷ்டம். பெருந்தோட்டம் என்று தேடினால் தொழிலாளர் வரலாறு வருகிறது. அது வரத்தான் வேண்டும். சோனகர் என்று தேடினால் கிழக்கு மாகாணமும் கொழும்பும் காலியும் கண்டியும் வருகின்றன. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் போன்ற தோட்டப் பட்டினங்களில் கடை வைத்து, பள்ளிவாசல் கட்டி வாழ்ந்தவர்கள் இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டபோது பட்டியல் சுருங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

தமிழ் ஏன் வாறதில்ல?

இஸ்லாமிய ஆய்வுக்கென்றே இன்டெக்ஸ் இஸ்லாமிக்கஸ் என்ற நூற்பட்டியல் இருக்கிறது. லண்டன் சோயாஸ் நூலகராக இருந்த பியர்சன் தொடங்கியது. 1906 முதல் வெளிவந்த கட்டுரைகளைப் பட்டியலிடுகிறது. அருமையான வேலை. ஆனால் அது ஐரோப்பிய மொழிகளில் வந்தவற்றுக்கு உரியது. அரபியில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் அதில் இடமில்லை. அதாவது இது போன்ற சஞ்சிகைகளில் நாம் எழுதுவது அங்கே பதிவாகாது.

ஸ்கேன் செய்த தமிழ் நூல்களிலும் ஒரு தடை உண்டு. பக்கத்தைப் படமாகத்தான் எடுத்திருப்பார்கள். படத்திலுள்ள எழுத்தைக் கணனி வாசித்துச் சொல்லாக மாற்றாதவரை நூலின் தலைப்பையும் ஆசிரியரையும் மட்டுமே தேடலாம், உள்ளே தேட முடியாது. பழைய அச்செழுத்தில் கணனி தடுமாறும். அரபுத்தமிழ்க் கிதாபுகளென்றால் இன்னும் சிரமம். அரபு எழுத்தோடு கூடுதல் புள்ளிகளிட்டுத் தமிழ் ஒலிகளை எழுதிய அந்தக் கல்லச்சுப் பக்கங்களை வாசிக்க இப்போதைக்கு மனிதக் கண்தான் நம்பிக்கை. பள்ளிவாசல் அலுமாரிகளில் அவை கறையானுக்கு இரையாகுமுன் யாராவது வாசிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே முடிந்தவை

பல்கலைக்கழக அட்டை இல்லாதவர்கள் கைவிரிக்கத் தேவையில்லை. 2005 இல் ஆரம்பித்த நூலகம் மின்னூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முஸ்லிம் ஆவணகம், மலையக ஆவணகம் என்று தனிப் பகுதிகளும் அதில் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பொருள் எதில் வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. எமது நாட்டு ஆய்வுச் சஞ்சிகைகளைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் திறந்து வைத்திருக்கிறது. ஜேஸ்டோரில் தனிநபராகப் பதிந்தால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம், இறக்கிக்கொள்ளத்தான் முடியாது.

நாம் வைக்க வேண்டியவை

மவுசாகலை நீர்த்தேக்கம் 1969 இல் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் வெளியே தெரிகின்றன. சனம் பார்க்கப் போகிறது, பத்திரிகைகளில் படம் வருகிறது. அந்தப் பள்ளிவாசலை எத்தனையோ பெயரில் தேடினேன். ஆய்வுக் கட்டுரை ஒன்றும் என் கைக்கு அகப்படவில்லை. அங்கே தொழுத சிறுவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள்.

எந்தப் பெரிய தரவுத்தளமும் இதை எமக்காக எழுதித் தராது. பள்ளிவாசல் கணக்குக் கொப்பி, கந்தூரி அழைப்பிதழ், மீலாத் மலர், பழைய கடைப் பற்றுச்சீட்டு, மையவாடிக் கல்வெட்டு எல்லாம் ஆவணம்தான். உரியவர்களின் அனுமதியோடு தெளிவாகப் படமெடுத்து, எந்த ஊர், எந்த வருடம், யார் வைத்திருந்தது என்று மூன்று வரி எழுதிச் சேர்த்தால் மின்னூலகங்கள் ஏற்றுக்கொள்ளும் பொருளாகிவிடும். முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்வதைப் பிள்ளைகளின் செயற்றிட்டமாகக் கொடுக்கலாம்.

இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோள். இனி வரும் ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையின் முடிவிலும் நாலு வரி ஆங்கிலச் சுருக்கமும், கட்டுரையில் வரும் ஊர், ஆள், நூல் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும் எல்லா வடிவங்களும் திறவுச்சொற்களாகச் சேர்க்கப்பட வேண்டும். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. நாளை யாரோ ஒரு மாணவி எங்கோ இருந்து பிழையான எழுத்துக்கூட்டலில் தேடினாலும், எமது கட்டுரை அவளுக்குக் கிடைக்கும்.