தாத்தா என்ன யோசிக்கிறார்?



பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் வந்து ஆங்கிலத்தில் முழிக்கிறவர்களில் நானும் ஒருவன். போன செமஸ்டரில் இங்கிலீஷ் சார், "வீட்டில ஒருத்தரைப் பத்தி பத்து வரி எழுதுங்க" என்றார். தினமும் சாயங்காலம் வாசலில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் என் தாத்தாவைப் பற்றி எழுதினேன். 'சிந்தனையில் மூழ்கியவர்' என்பதற்கு டிக்‌ஷனரியில் தேடி 'ப்ரூடிங்' என்று போட்டேன்.

சார் படித்துவிட்டு, "உங்க தாத்தாவுக்கு யார் மேலப்பா கோபம்?" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து இந்த வார்த்தைகளை நான் விடவில்லை.

ப்ரூட்: கோழி அடைகாப்பதற்கும் இதே வார்த்தைதான். ஒரு வருத்தத்தையோ கோபத்தையோ விடாமல் அடைகாப்பது.

பாண்டர்: எடை போடுவது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பவுண்டு இதற்குச் சொந்தம். எஸ்டேட்டில் கொழுந்தை எடை போடுவாங்களே, அதுபோல ஒரு முடிவு எடுக்கும் முன் நிறுத்துப் பார்ப்பது.

ரூமினேட்: மாட்டின் முதல் இரைப்பைக்குப் பேர் ரூமன். நாமும் 'பழசை அசைபோடுறான்' என்கிறோம் இல்லையா, அதேதான்! நினைத்ததையே திரும்பத் திரும்ப நினைப்பது.

ரிஃப்ளெக்ட்: பிசிக்ஸ் லேபில் கண்ணாடியில் ஒளி திரும்புகிற அதே வார்த்தை. நடந்ததைத் திரும்பிப் பார்த்து அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்வது.

தாட்ஃபுல்: யோசிக்கிறவர் என்றும் அர்த்தம், கேட்காமலே அடுத்தவருக்குக் கம்பளி எடுத்துக் கொடுக்கிறவர் என்றும் அர்த்தம்.

பென்சிவ்: இதுவும் எடை என்ற பொருளில் பிறந்ததுதான். ஆனால் இதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. லேசான சோகத்தோடு மனசு கனத்து இருப்பது.

சரி, இதில் எது என் தாத்தா? டிக்‌ஷனரியில் அதற்குப் பதில் இல்லை. அவரிடமே போய் உட்கார்ந்தேன்.

1964ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். என் தாத்தா 1974ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"தாத்தா, தினமும் என்ன யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல ராசா. ஹட்டன்ல எங்க ஆத்தாவைப் புதைச்ச எடத்துல ஒரு கொய்யாமரம் நின்னுச்சு. இப்ப இருக்கோ என்னவோ."

அவர் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. மறுநாள் நோட்டில் 'ப்ரூடிங்'கை அடித்துவிட்டு 'பென்சிவ்' என்று எழுதினேன். சார் டிக் போட்டார்.

பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காகத்தான் முதன்முதலாக அவரிடம் இதைக் கேட்டேன். நண்பர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், டிக்‌ஷனரியைத் திறக்கும் முன் அவரிடம் கேளுங்கள்.



- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை