இணையத்தின் பின்கட்டு – 11: த்ரெட் கூடினால் டேட்டாபேஸ் வேகம் கூடுமா?

இணையதளம் மெதுவாகிவிட்டது என்றதும் புரோகிராமர்களிடம் தவறாமல் எழும் யோசனை ஒன்று உண்டு. “குவெரிகள் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது போகிறது. த்ரெட் போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாமே?” யோசனையில் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஐந்து குவெரி, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லி செகண்ட் என்றால், வரிசையாகப் போனால் 100 ஆகும். சேர்ந்து போனால் ஏறக்குறைய 20. ஆளில்லாத நேரத்தில் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு பலிக்கவும் செய்யும்.

கூட்டம் வந்ததும் கதை மாறிவிடும். டேட்டாபேஸ் சர்வரில் 8 கோர்கள் இருக்கின்றன, அந்த 20 மில்லி செகண்டும் முழுக்க சி.பி.யு. வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோர் நொடிக்கு 50 குவெரிகளை முடிக்கும். எட்டும் சேர்ந்தால் 400. பக்கத்துக்கு ஐந்து வீதம், நொடிக்கு 80 பக்கம். த்ரெட் போட்டாலும் 80தான், போடாவிட்டாலும் 80தான். காத்திருப்பை மறைக்கத்தான் த்ரெட்டால் முடியும். டேட்டாபேஸ் செய்ய வேண்டிய வேலையில் ஒரு துளியும் அதனால் குறையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

குறையாதது மட்டுமல்ல, கூடவும் செய்யும். ஒரு கனெக்‌ஷனில் ஒரு சமயத்தில் ஒரு குவெரிதான் ஓடும். ஐந்து குவெரி ஒன்றாக ஓட வேண்டுமென்றால் ஐந்து கனெக்‌ஷன் வேண்டும். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனியாக ஒரு பிராசஸையே எழுப்புகிறது. மைசீக்வல் ஒரு த்ரெட்டை ஒதுக்குகிறது. இயல்பான அமைப்பில் போஸ்ட்கிரஸுக்கு உச்ச வரம்பு 100 கனெக்‌ஷன், மைசீக்வலுக்கு 151. பக்கத்துக்கு ஒன்று என்று இருந்தவரை நூறு பக்கங்களைத் தாங்கிய சர்வர், பக்கத்துக்கு ஐந்து என்றானதும் இருபதிலேயே கதவைச் சாத்திவிடும். வரம்பை உயர்த்தினால் போயிற்று என்பார்கள். ஆரக்கிள் நிறுவனத்தின் செயல்திறன் குழுவினர் நேர்மாறானதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வேறு எதையும் தொடாமல் கனெக்‌ஷன்களின் எண்ணிக்கையை மட்டும் வெகுவாகக் குறைத்தார்கள். சுமார் 100 மில்லி செகண்டாக இருந்த பதில் நேரம் சுமார் 2 ஆனது. இருக்கும் கோர்களுக்காகவும் லாக்குகளுக்காகவும் ஆயிரக்கணக்கில் முட்டிமோதும்போது, மோதலிலேயே நேரம் கரைந்துவிடுகிறது.

வேகத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. டிரான்சாக்‌ஷன் என்பது ஒரு கனெக்‌ஷனுக்குள் அடங்கியது. ஆர்டரைப் பதிவது ஒரு த்ரெட்டிலும், ஸ்டாக்கைக் கழிப்பது இன்னொரு த்ரெட்டிலும், வெவ்வேறு கனெக்‌ஷன்களில் நடந்தால் அவை ஒரே டிரான்சாக்‌ஷனாக ஆகா. ஒன்று பதிவாகி மற்றது தோற்றுப்போனால் திருப்பி எடுக்க வழியில்லை. படிப்பதிலும் சிக்கல் இருக்கிறது: இரண்டு கனெக்‌ஷன்கள் இரு வேறு கணங்களின் தகவலைப் பார்க்கலாம். போஸ்ட்கிரஸின் பேக்கப் கருவியான பி.ஜி. டம்ப், 9.3 பதிப்பிலிருந்து பல கனெக்‌ஷன்களில் ஒரே நேரத்தில் நகலெடுக்கிறது. அதற்காக முதல் கனெக்‌ஷன் தன் ஸ்னாப்ஷாட்டைப் பிறவற்றுக்குக் கொடுத்து, எல்லாம் ஒரே கணத்தின் நிலையைப் பார்க்கும்படி செய்கிறது. டேட்டாபேஸை எழுதியவர்களே இவ்வளவு கவனமாகச் செய்யும் காரியம், ஒரு வெப் பக்கத்துக்குள் போகிறபோக்கில் செய்யக்கூடியதல்ல.

மொழிகளுக்கு வருவோம். பி.எச்.பி.யில் ஒவ்வொரு கோரிக்கையையும் பொதுவாகத் தனி பிராசஸ்தான் கவனிக்கிறது. ஆகவே, வாசகர்களுக்கிடையே இணைவேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதையும் மீறி வேண்டுவோருக்கு, 2009இல் வந்த 5.3 பதிப்பிலேயே த்ரெட் இல்லாமல் மைசீக்வல் குவெரிகளை அனுப்பிவிட்டுப் பிறகு பதிலை வாங்கிக்கொள்ளும் வசதி சேர்ந்துவிட்டது. பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடலாம் என்ற பூட்டு இருக்கிறது. 2024இல் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லாத வடிவம் சோதனை முயற்சியாக வெளியானபோது, இனி டேட்டாபேஸ் பறக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. ஆனால் டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பூட்டு முன்பும் திறந்தேதான் இருந்தது.

த்ரெட் உண்மையாக உதவும் இடமும் உண்டு. ஒன்றையொன்று சாராத கேள்விகள், வெவ்வேறு சர்வர்களுக்குப் போகின்றன. அந்த சர்வர்கள் சும்மா இருக்கின்றன என்றால் தாராளமாகப் போடலாம். மற்ற இடங்களில் முதலில் குவெரியைப் பாருங்கள். 50 கட்டுரைகளின் பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயருக்கும் தனித்தனியாக டேட்டாபேஸிடம் போகும் நிரல்கள் ஏராளம். மொத்தம் 51 குவெரி. அந்த ஐம்பதையும் த்ரெட்டுகளில் ஏற்றுவதைவிட, ஒரு ஜாயின் எழுதினால் ஒரே குவெரியில் வேலை முடிந்துவிடும். பெரிய டேபிளின் கடைசி வரிவரை தேடும் குவெரிக்கு இண்டெக்ஸ்தான் மருந்து. ஒரு குவெரியே பல கோர்களைப் பயன்படுத்த வேண்டுமானால், 2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரஸ் அதைத் தானே செய்கிறது. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

கனெக்‌ஷன்களைக் குறைத்து வைத்துக்கொண்டே ஆயிரம் பேருக்குப் பதில் சொல்வது எப்படி? அதற்காக ஸ்கைப்பில் உருவான பி.ஜி. பவுன்சர் எப்படி வேலை செய்கிறது என்பது அடுத்த வாரம்.