கண்ணுக்கும் மூச்சு வேண்டும்

கான்டாக்ட் லென்ஸோடு தூங்கலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ‘ஆக்சிஜன் நன்றாகப் போகும், கவலையே வேண்டாம்’ என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். சொன்னதில் பாதி சரி.

கருவிழியை மூடியிருக்கும் தெளிவான படலத்தில் ரத்தக் குழாய்களே இல்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது. இமை மூடினால் வரத்து குறைந்துவிடும். லென்ஸும் இருந்தால் இன்னும் திண்டாட்டம்.

மென்மையான லென்ஸ் பிறந்தபோதே இந்தத் திண்டாட்டமும் கூடவே வந்தது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்தெர்லே, பிள்ளைகளின் மெர்குர் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி வீட்டிலேயே ஒரு சுழல் கருவி செய்தார். சுற்றும் அச்சில் திரவத்தை விட்டு மெல்லிய லென்ஸ் வார்த்தார். அந்த லென்ஸ் ஹெமா என்ற பாலிமரால் ஆனது; அதில் ஏறக்குறைய 38 சதவீதம் தண்ணீர். ஆக்சிஜன் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் போயாக வேண்டும், அது போதவில்லை.

சிலிக்கோனில் ஆக்சிஜன் தாராளமாகப் போகும். ஆனால் தண்ணீர் ஒட்டாது. சிலிக்கோனை மட்டும் வைத்துச் செய்த லென்ஸ்கள் கண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிட்டுக் கருவிழியோடு ஒட்டிக்கொண்டன. விசித்திரம் இங்கேதான். ஆக்சிஜன் போனால் மட்டும் போதாது. தண்ணீரும் உப்பும் ஊடுருவினால்தான் கண் சிமிட்டும்போது லென்ஸ் நகரும். ஆகவே ஒரே லென்ஸுக்குள் இரண்டு பாதைகள்: ஆக்சிஜனுக்குச் சிலிக்கோன், தண்ணீருக்கு ஹெமா போல நீரை உறிஞ்சும் ஹைட்ரோஜெல். கோரைப் பாயில் கோரையும் நூலும் போல, இரண்டுமே அறுபடாமல் ஓட வேண்டும். ஒன்றோடொன்று சேராத இந்த இரண்டும் திட்டுத் திட்டாகப் பிரிந்தால் லென்ஸ் பால் போல வெளுத்துவிடும். திட்டுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் தெளிவு கிடைக்கும். மேற்பரப்பில் சிலிக்கோன் தலைகாட்டாமலிருக்கப் பிளாஸ்மாப் பூச்சு வேறு.

1990களின் இறுதியில் இப்படி இரண்டு பாதைகள் கொண்ட லென்ஸ்கள் கடைக்கு வந்தன. அவற்றுள் ‘நைட் அண்ட் டே’ லென்ஸில் தண்ணீர் 24 சதவீதம்தான். ஆக்சிஜனை விடும் திறனோ ஹெமாவைப்போலப் பத்து மடங்குக்கு மேல்.

ஆக்சிஜன் பற்றாக்குறையால் வந்த வீக்கமும் சிவப்பும் குறைந்தன. லென்ஸோடு தூங்குகிறவர்களுக்கு வரும் கிருமித் தொற்று மட்டும் அப்படிக் குறையவில்லை. ஆகவே, மருத்துவர் சொல்லாமல் லென்ஸோடு தூங்க வேண்டாம். லென்ஸ் விற்கும் இடங்களில் நிறத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுக்கலாம். குழாய்த் தண்ணீரில் லென்ஸை அலசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியையே அரித்துவிடும். டப்பாவையும் லென்ஸுக்கான கரைசலில் மட்டும் கழுவி, திறந்தபடி கவிழ்த்து உலர வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.